கயிறா, ஊசியா, வாயுவா: மரண தண்டனை முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தால்

தூக்குக்குப் பதில் வேறு முறை வேண்டும் என்று கேட்டு வழக்கறிஞர் ரிஷி மல்ஹோத்ரா 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். விஷ ஊசி, துப்பாக்கி, மின்சாரம், வாயு அறை என நான்கு மாற்றுகளை அந்த மனு அடுக்குகிறது. 2025 அக்டோபரில் வழக்கு மறுபடி வந்தபோது, எப்படிச் சாவது என்பதைக் கைதியே தெரிவு செய்ய விடலாமே என்ற யோசனை எழுந்தது. நடைமுறையில் அது சரிவராது என்றது மத்திய அரசு. காலத்துக்கு ஏற்ப மாற அரசு தயாராக இல்லை என்று நீதிபதிகள் குறைபட்டுக்கொண்டார்கள்.

நீதிபதிகளின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் நான்காவதாக நிற்கும் வாயுவும், கைதிக்குத் தெரிவு தருவது என்ற யோசனையும் அமெரிக்காவில் நூறாண்டு ஓடிப் பார்த்த விஷயங்கள். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இங்கே முடிவெடுக்கக் கூடாது. மரண தண்டனையே வேண்டாம் என்பது என் நிலை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தண்டனை சட்டத்தில் இருக்கும்வரை, எந்த முறை என்பது தூக்குக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிர்போகும் கேள்விதான். தண்டனையையே எதிர்க்கிறோம், முறையைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று ஒதுங்கிக்கொள்வது அவர்களைக் கைவிடுவதாகும்.

ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன். வேதனை குறைவு என்கிறார்களே, யாருடைய வேதனை? சாகிறவருடையதா, பார்த்துக்கொண்டு நிற்பவர்களுடையதா?

வாயுவிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1921-ல் சட்டம் போட்டது. தூக்கும் துப்பாக்கியும் கொடூரம், கைதி தூங்கிக்கொண்டிருக்கும்போதே வாயுவைச் செலுத்திவிட்டால் அவருக்குத் தெரியாமலே உயிர் போய்விடும் என்பது அன்றைய கனவு. 1924 பிப்ரவரி 8 அன்று கார்சன் சிட்டி சிறையில் கீ ஜான் என்ற சீனக் குடியேறியைக் கொல்ல வேண்டிவந்தபோது அந்தக் கனவு முதல் நாளே கலைந்தது. சிறை அறைக்குள் வாயுவைச் செலுத்தினால் அது வெளியே கசிந்தது. அதனால் தனியாக ஓர் அறையை ஏற்பாடு செய்து, அவரை நாற்காலியில் கட்டி உட்காரவைத்து, முழு நினைவோடு இருக்கும்போதே ஹைட்ரஜன் சயனைடு வாயுவை உள்ளே விட்டார்கள். கைதிக்குத் தெரியாமல் நடக்கும் என்பதுதான் இந்த முறையை நியாயப்படுத்திய ஒரே காரணம். அந்தக் காரணம் போன பிறகும் முறை மட்டும் தங்கிவிட்டது.

மிசிசிப்பியில் 1983-ல் ஜிம்மி லீ கிரே வாயு அறைக்குள் பின்னால் இருந்த இரும்புக் கம்பத்தில் தலையை மறுபடி மறுபடி மோதிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பாதியிலேயே வெளியேற்றிவிட்டார்கள். அரிசோனாவில் 1992 ஏப்ரலில் டொனால்டு ஹார்டிங் இறக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. மரண தண்டனையை ஆதரித்த அந்த மாநில அட்டர்னி ஜெனரலே அதைப் பார்த்துவிட்டு, இந்த முறையை மாற்ற வேண்டும் என்றார். அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து விஷ ஊசிக்கு மாறினார்கள். 1994-ல் கலிபோர்னியாவில் நீதிபதி மெரிலின் ஹால் படேல், வாயு அறை கொடூரமான தண்டனை, அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்.

பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. கார்ல் லாகிராண்ட், வால்டர் லாகிராண்ட் இருவரும் ஜெர்மனியில் பிறந்த சகோதரர்கள். 1982-ல் அரிசோனாவில் வங்கிக் கொள்ளை முயற்சி ஒன்றில் வங்கி மேலாளரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றவர்கள். அவர்களுக்குத் தெரிவு இருந்தது: ஊசியா, வாயுவா? வாயுவைத் தேர்ந்தெடுத்தால் அது கொடூரம் என்று வழக்காடலாம், உயிர் தப்பலாம் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். கார்ல் கடைசி நேரத்தில் ஊசிக்கு ஒப்புக்கொண்டு 1999 பிப்ரவரி 24 அன்று இறந்தார். வால்டர் மனம் மாறவில்லை. வாயு முறையை நீயாகத்தானே தேர்ந்தெடுத்தாய், அதனால் அது கொடூரம் என்று இனி நீ வாதாட முடியாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். மார்ச் 3 அன்று அறைக் கதவு மூடப்பட்டது. 18 நிமிடம் ஆனதாக அங்கே இருந்த செய்தியாளர்கள் எழுதினார்கள். தண்டனையை நிறுத்திவைக்கும்படி சர்வதேச நீதிமன்றம் அன்று போட்ட உத்தரவு அவரைக் காப்பாற்றவில்லை.

கைதிக்குத் தெரிவு கொடுங்கள் என்று நம் நாட்டில் கேட்பவர்கள் வால்டர் லாகிராண்டின் வழக்கைப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும். கருணையாகக் கொடுத்த தெரிவு, கையெழுத்துப் போட்டதும் சம்மதப் பத்திரமாக மாறியது. நீதிமன்றக் கதவைச் சாத்தவும் அதுவே போதுமானதாக இருந்தது.

கால் நூற்றாண்டு கழித்து வாயு திரும்பி வந்தது, இம்முறை நைட்ரஜனாக. 2015-ல் ஓக்லஹோமா இதற்கு முதலில் சட்டம் போட்டது. அதற்கு அடித்தளமாக இருந்த அறிக்கையைத் தயாரித்தவர்களை வழிநடத்தியவர் மருத்துவர் அல்ல, குற்றவியல் நீதித்துறைப் பேராசிரியர். அவர்கள் தரப்பு வாதம் இது: நைட்ரஜன் விஷமல்ல, நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பங்கு அதுதான், தொழிற்சாலைகளில் அது கசிந்தபோது தொழிலாளர்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள். கடைசித் தகவலில் பொய்யில்லை. 1992 முதல் 2002 வரை அப்படி 80 பேர் இறந்ததாக அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் கணக்கெடுத்தது.

ஆனால் அந்த 80 பேருக்கும் தாங்கள் சாகப்போகிறோம் என்று தெரியாது. வேலை செய்யப் போனவர்கள் வழக்கம்போல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கைகால் கட்டப்பட்டு, முகத்தில் முகமூடி மாட்டப்பட்டு, அடுத்த மூச்சில் மரணம் வருகிறது என்று தெரிந்து படுத்திருப்பவரின் நிலை வேறு. 1924-ல் தூங்கும்போதே முடிந்துவிடும் என்று சொன்னதும், 2015-ல் தெரியாமலே முடிந்துவிடும் என்று சொன்னதும் ஒரே வாக்குறுதிதான். மரண தண்டனையில் அதைக் காப்பாற்றவே முடியாது. தேதி குறித்து, கைதியிடம் படித்துக்காட்டி நிறைவேற்றும் தண்டனை அது.

2024 ஜனவரி 25, அலபாமாவின் ஹோல்மன் சிறை. நைட்ரஜனால் கொல்லப்பட்ட முதல் மனிதர் கென்னத் யூஜின் ஸ்மித். 1988-ல் பணம் வாங்கிக்கொண்டு எலிசபெத் சென்னெட் என்ற பெண்ணைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவர். ஜூரிகளில் 11 பேர் ஆயுள் தண்டனை போதும் என்றார்கள், நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதித்தார். 2022 நவம்பரில் விஷ ஊசி போட முயன்று, நரம்பு கிடைக்காமல் கைவிட்டார்கள். மறுபடி ஊசியா என்று எதிர்த்து வழக்குப் போட்டபோது, அமெரிக்கச் சட்டப்படி அவர் தரப்பே மாற்று முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2015-ல் குளோசிப் வழக்கின் தீர்ப்பு அப்படி ஆக்கிவிட்டது: தன்னைக் கொல்லும் முறை கொடூரம் என்று சொல்லும் கைதி, அதைவிட நல்ல முறையைத் தானே எடுத்துக்கொடுக்க வேண்டும். ஸ்மித்தின் வழக்கறிஞர்கள் நைட்ரஜனைச் சொன்னார்கள். அரசு அதையே எடுத்துக்கொண்டது.

சில நொடிகளில் நினைவு போய்விடும் என்று அரசு நீதிமன்றத்தில் சொல்லியிருந்தது. ஸ்மித் இரண்டு நிமிடமாவது உடல் குலுங்கத் துடித்தார், அதன் பிறகும் பல நிமிடம் பெருமூச்சு வாங்கினார் என்று நேரில் பார்த்த செய்தியாளர்கள் எழுதினார்கள். பார்வையாளர் அறையின் திரை விலகியதிலிருந்து மூடும்வரை ஏறக்குறைய 22 நிமிடம். எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடந்தது என்றார் மாநில அட்டர்னி ஜெனரல். சிறைத்துறை ஆணையர் சொன்ன விளக்கம்தான் எனக்கு மறக்கவில்லை. ஸ்மித் முடிந்தவரை மூச்சை அடக்கிப் பிடித்திருந்ததுபோல் தெரிகிறது என்றார்.

வேறு எந்த முறையிலும் இப்படி ஒரு விளக்கம் வராது. கயிறோ, ஊசியோ, தோட்டாவோ கைதியிடம் எதையும் கேட்பதில்லை. வாயு மட்டும்தான், செத்துப்போவதற்குக் கைதியே இழுத்து மூச்சு விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. உடம்போ மூச்சை அடக்கச் சொல்கிறது. அடக்க அடக்க நேரம் நீளும். நீண்டால் அது அவர் செய்த தவறு என்கிறார்கள். நான் வாயுவை மற்ற எல்லாவற்றையும்விடக் கீழே வைப்பதற்கு நிமிடக் கணக்குகூட இரண்டாவது காரணம்தான், இதுவே முதல் காரணம்.

லூசியானாவில் 2025 மார்ச் 18 அன்று நைட்ரஜனால் கொல்லப்பட்ட ஜெஸ்ஸி ஹாஃப்மன் பௌத்தர். மூச்சைக் கவனித்துத் தியானம் செய்வது தன் சமய வழக்கம், சாகும் நேரத்திலும் அதைச் செய்ய வேண்டும், நைட்ரஜன் அதைப் பறித்துவிடும் என்று வாதாடினார். அதற்குப் பதில் சுட்டுக்கொல்லுங்கள் என்றார். கீழ் நீதிமன்ற நீதிபதி தடை விதித்தார், மேல்முறையீட்டில் தடை நீங்கியது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற வாக்கில் தலையிட மறுத்தது. அந்த 2025 அக்டோபரிலேயே அலபாமாவில் ஆன்டனி பாய்டு இறந்தார். நைட்ரஜனுக்குப் பலியான எட்டாவது மனிதர் அவர். அவருடைய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். படிப்பவர்களைப் போனை எடுக்கச் சொல்கிறார், ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு நான்கு நிமிடம் வரை நொடிகள் ஏறுவதைப் பார்க்கச் சொல்கிறார், அவ்வளவு நேரமும் மூச்சுக்குத் தவிப்பதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். பாய்டு கேட்டதும் தன்னைச் சுட்டுக்கொல்ல வேண்டும் என்பதைத்தான்.

கால்நடை மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தீராத நோயில் தவிக்கும் நாய்க்கும் மாட்டுக்கும் வேதனையில்லாத சாவைக் கொடுப்பதை அன்றாடம் யோசிப்பவர்கள் அவர்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நைட்ரஜன் சூழல் சில விலங்குகளைத் தவிக்கவைக்கிறது, பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அது ஏற்றதல்ல என்கின்றன. இந்த நெறிகள் மனிதர்களுக்கு எழுதப்பட்டவை அல்ல என்று அந்தச் சங்கமே சொல்கிறது. சரிதான். நாய்க்கு ஆகாததை மனிதனுக்குச் செய்யலாம் என்ற அனுமதியும் அதில் இல்லையே.

இந்த இடத்தில் கருணைக் கொலையை இழுத்து வருவார்கள். பல நாடுகளில் மருத்துவர் உதவியோடு நோயாளிகள் அமைதியாக இறக்கிறார்கள், அதையே சிறையிலும் செய்தால் என்ன என்பார்கள். நெதர்லாந்திலும் கனடாவிலும் சட்டம் அனுமதிப்பது நோயாளி தானாகக் கேட்டு, மருத்துவர்கள் ஆராய்ந்து, எந்த நொடியிலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு நடப்பது. அங்கே மருத்துவர்கள் வாயுவைப் பயன்படுத்துவதும் இல்லை. நம் உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றுக்கொண்டதோ, மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டும்தான். இவை சரியா என்பது தனி விவாதம். சிறையோடு ஒப்பிடும்போது ஒன்று தெளிவு: அங்கே சம்மதம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. சிறையில் இரண்டும் இல்லை. மருந்தும் கருவியும் ஒன்றாக இருந்தாலும் நிகழ்வு ஒன்றாகிவிடாது.

அடுத்து ஊசி. வெளிப்பார்வைக்கு இதுதான் மிக நாகரிகமானது, ஆஸ்பத்திரி போலவே இருக்கும். 1977-ல் ஓக்லஹோமாவில் உருவாகி 1982 டிசம்பரில் டெக்சாஸில் முதலில் நடந்தது. மூன்று மருந்துகள்: ஒன்று மயக்க, ஒன்று தசைகளை முடக்க, ஒன்று இதயத்தை நிறுத்த. நடுவில் வரும் மருந்தைக் கவனியுங்கள். மயக்கம் சரியாக வராவிட்டால் கைதிக்கு வலிக்கும், ஆனால் முகத்தில் ஒரு தசைகூட அசையாது. பார்ப்பவர்களுக்கு அது அமைதியான சாவாகத் தெரியும். செல்லப் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடுத்த மருந்தை மனிதனுக்குக் கொடுப்பதா என்று 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதினார். மருந்து நிறுவனங்கள் தங்கள் மருந்தைக் கொலைக்குத் தர மறுத்த பிறகு மாநிலங்கள் கிடைத்ததை வைத்து முயன்றன. 2014-ல் கிளேட்டன் லாக்கெட் இறக்க 43 நிமிடம், ஜோசப் வுட் இறக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2020-ல் அமெரிக்கப் பொது வானொலி 200-க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை ஆராய்ந்தபோது, ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அமைதியாகக் கண்மூடியதாக எழுதப்பட்ட பலர் உள்ளுக்குள் மூழ்குவதுபோல் தவித்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்திய சட்ட ஆணையம் தன் 187-வது அறிக்கையில் விஷ ஊசியையும் ஒரு மாற்றாகச் சேர்க்கச் சொன்னது 2003-ல். இந்த விவரங்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வெளிவந்தவை. அந்தப் பரிந்துரையை இன்று அப்படியே மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகமானது, ரத்தம் தெரியும், செய்வது கொலைதான் என்பதை மறைக்காது. பாய்டும் ஹாஃப்மனும் கேட்டது அதனால்தான். ஆனால் அதுவும் தவறும். தென் கரோலினாவில் 2025 ஏப்ரலில் மிகால் மஹ்தி சுடப்பட்டார். மூன்று பேர் சுட்ட உடலில் இரண்டே காயங்கள் இருந்ததாகவும், குண்டுகள் இதயத்தைக் குறிதவறிக் கீழே பாய்ந்ததாகவும் அவருடைய வழக்கறிஞர்கள் பிரேதப் பரிசோதனை அறிக்கையை வைத்துச் சொன்னார்கள். நம் நாட்டில் ராணுவச் சட்டம் தூக்கோடு சுட்டுக்கொல்வதையும் அனுமதிக்கிறது. சிவில் சிறைகளுக்கு அந்த வழி இல்லை.

மின்சாரத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதைக் கொண்டுவந்த நாட்டிலேயே கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள்.

கடைசியாகக் கயிறு. 1983-ல் தீனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தூக்கை ஏற்றுக்கொண்டது. சரியாகச் செய்தால் கழுத்தெலும்பு விலகி உடனே நினைவு போகும் என்பது அதன் அடிப்படை. 1953-ல் பிரிட்டனின் அரச ஆணையம் சொன்னதும் இதுதான். எல்லாமே அந்த 'சரியாகச் செய்தால்' என்பதில் தொங்குகிறது. கயிற்றின் நீளம் குறைந்தால் கழுத்து நெரிபட்டு மெல்லச் சாவு, கூடினால் தலை துண்டாகிவிடும். 2007-ல் ஈராக்கில், சதாம் உசேனின் தாய்க்கு வேறொரு கணவர் மூலம் பிறந்த சகோதரருக்கு அப்படித்தான் நடந்தது. இந்தியாவில் 2004 முதல் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டுப் பேர்தான். தமிழ்நாட்டில் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் ஆட்டோ சங்கருக்குப் பிறகு யாருமே இல்லை. 2020-ல் திகாரில் நான்கு பேரைத் தூக்கிலிட மீரட்டிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். இத்தனை அபூர்வமாக நடக்கும் வேலையில் யாருக்குக் கை பழகியிருக்கும்?

ஆக, இவற்றில் ஒன்றைத்தான் சட்டத்தில் வைக்க வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால், துப்பாக்கியையும் கயிற்றையும் எதிரெதிரே வைத்து யோசிப்பேன், துப்பாக்கி பக்கம் சாய்வேன். இரண்டும் செய்வதை மறைப்பதில்லை, தவறினால் தவறியது வெளியே தெரியும். ஊசி அதற்குக் கீழே, ஏனென்றால் அது பார்ப்பவரின் நிம்மதிக்காகக் கைதியின் உடம்பைப் பொய் சொல்ல வைக்கிறது. வாயுவுக்கு என் பட்டியலில் இடமே இல்லை.

இப்போதுள்ள வழக்கில் நீதிமன்றத்திடம் எதிர்பார்ப்பது மூன்று விஷயங்கள். மனுவில் உள்ள மாற்றுகளிலிருந்து வாயு அறையை நீக்கச் சொல்ல வேண்டும். கைதிக்குத் தெரிவு கொடுப்பதாக இருந்தால், அந்தக் கையெழுத்து முறையை எதிர்த்து வழக்காடும் உரிமையைப் பறிக்காது என்று தீர்ப்பிலேயே எழுத வேண்டும். மூன்றாவது கொஞ்சம் பழையது. தூக்கிலிடப்பட்ட ஒவ்வொருவருக்கும் பிரேதப் பரிசோதனை கட்டாயம் என்று 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கழுத்தெலும்பு விலகி இறந்தார்களா, நெரிபட்டு இறந்தார்களா என்று தெரிய வேண்டும் என்பதே காரணம். அதற்குப் பிறகு யாகூப் மேமனும் திகாரில் அந்த நால்வரும் தூக்கிலிடப்பட்டிருக்கிறார்கள். தூக்கில் வலி எவ்வளவு, உயிர் போக எவ்வளவு நேரம் என்று 2023 மார்ச்சில் நீதிமன்றம் அரசிடம் தரவு கேட்டது. புதிய முறைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ஐந்து பேரின் பரிசோதனை முடிவுகள் திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கப்பட வேண்டும்.